ஆட்டுக்குப் போட்ட ஊசி எங்கே போகிறது?

தில்லியில் டெங்கு வந்துவிட்டால் ஆட்டுப் பாலுக்குக் கிராக்கி ஏறிவிடும். அது ரத்தத் தட்டணுக்களைக் கூட்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. இருந்தாலும் வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். அப்படியொரு சமயத்தில் நம் சங்கத்து அன்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "டாக்டர் சார், பால்காரர் ஆட்டுக்கு நேற்று பெனிசிலின் ஊசி போட்டாராம். காய்ச்சித்தானே கொடுக்கிறோம், பரவாயில்லையா?" என்றார். அவருடைய மகளுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. கால்நடை மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்ற நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தசையில் போட்ட மருந்து அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் ஊறிச் செல்கிறது. எவ்வளவு வேகமாக என்பது மருந்தின் வடிவத்தைப் பொறுத்தது. நீரில் கரையும் சோடியம் பெனிசிலின் விரைவிலேயே ரத்தத்தில் உச்ச அளவை எட்டும். சில மணி நேரத்தில் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். புரோகேய்ன் பெனிசிலின் எளிதில் கரையாது. தசையிலேயே தங்கி, சிறிது சிறிதாகக் கரைந்து, ஏறக்குறைய ஒரு நாள் ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். நீடித்து வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசியோ மூன்று நாள் வரை தாங்கும்.

வெளியேற்றும் வேலை சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் உரியது. ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரத்தை 'அரை ஆயுள்' என்பார்கள். ஐந்து அரை ஆயுள் கழிந்தால் நூற்றில் மூன்று பங்குதான் மிஞ்சும். ட்ரைமெத்தோபிரிம் என்ற மருந்துக்கு இது மனிதரில் சுமார் 8 முதல் 10 மணி நேரம்; ஆட்டில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆகவே மனிதருக்கான கணக்கு ஆட்டுக்குப் பொருந்தாது. அதே ஆடு நோயால் நீர் வற்றிக் கிடந்தால் வெளியேற்றம் மந்தமாகிவிடும்.

ரத்தம் சுத்தமானால் எல்லாம் சுத்தம் என்றும் எண்ணக்கூடாது. ஜென்டாமைசின் சிறுநீரகத்தில் வாரக்கணக்கில் தங்கும். பால் ரத்தத்தைவிடச் சற்று அமிலத்தன்மை உடையது. அதனால் எரித்ரோமைசின் போன்ற காரத்தன்மை மருந்துகள் பாலில் அதிகம் சேரும். பெனிசிலின் குறைவாகத்தான் சேரும். ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தச் சிறு அளவே போதுமானதாகிவிடலாம். காய்ச்சினாலும் அது முழுவதும் அழியாது.

இதற்காகத்தான், உணவு தரும் விலங்குகளுக்கான மருந்தில் காத்திருக்க வேண்டிய நாள்களைக் குறிப்பிட வேண்டும் என்று 2012இல் நம் நாட்டு மருந்து விதிகளில் சேர்த்தார்கள். அந்த மருந்துக்கென்று தனிக் காலம் வரையறுக்கப்படாவிட்டால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும்.

பால்காரர் சீசாவைத் தூக்கி எறிந்துவிட்டிருந்தார். ஆகவே 7 நாள் என்றேன். "கறக்கிற ஆடு இது ஒன்றுதான் சாப், ஏழு நாள் நான் என்ன செய்வேன்?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். அன்பர் அந்த ஏழு நாளுக்கும் பணம் கொடுத்துவிட்டார். பாலைக் கீழே கொட்டினார்கள்.

பால்காரர் மறைக்காமல் சொன்னதால் அந்தக் குழந்தை தப்பியது. நட்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டினால் அடுத்த முறை சொல்வாரா? ஆட்டுப் பால் வாங்கும் அன்பர்களே, "ஊசி போட்டீர்களா, என்றைக்கு?" என்று கேளுங்கள். உண்மையைச் சொல்பவருக்கு நட்டம் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.