நாலு தந்தி, இருபது நிமிடம்! வேலை முடிந்த பிறகு பேஸ் கிட்டார் கற்கலாம்

ரேணிகுண்டாவில் இருந்து காளஹஸ்திக்குப் போகும் ரெயில் பாதையில் இருக்கிறது ஏர்பேடு. வெங்கடகிரிக்குச் சாலை பிரியும் ஊர். முன்பு சித்தூர் மாவட்டம். 2022-ம் ஆண்டு ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். 2015-ல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி.யின் சொந்த வளாகம் இங்கே எழும்பிய பிறகு ஊரின் முகமே மாறிவிட்டது. வேலை தேடி வந்து இந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கியவர்களில் தமிழர்களும் உண்டு.

அப்படி ஒரு குமாஸ்தாவை எண்ணிப் பாருங்கள். வயது முப்பத்தைந்து. குடும்பம் ஊரில். பகல் எல்லாம் பில்லும் பேரேடும். மாலை ஏழு மணிக்கு அறைக்குத் திரும்புகிறார். சாப்பாடு, செல்போனில் வீட்டுக்கு ஒரு பேச்சு, பிறகு தூக்கம் வரும் வரை சுவரைப் பார்ப்பது. பள்ளிக்கூட நாளில் மெல்லிசைக் கச்சேரி மேடைக்குக் கீழே நின்று, கிட்டார்காரரின் விரலையே பார்த்துக் கொண்டிருந்தவர் அவர். "இனிமேல் எங்கே? வயது போய்விட்டதே!" என்பார்.

வயது போகவில்லை. போவது நாள்தோறும் அந்த இருபது நிமிடம்தான்.

ஊருக்குப் புதிதல்ல

தினமும் ஒரே காரியத்தை விடாமல் செய்வது ஏர்பேட்டுக்குப் புதிய சங்கதி அல்ல. இங்குள்ள வியாசாசிரமத்தை 1926-ம் ஆண்டில் நிறுவியவர் மலையாள சுவாமி. பெயரே சொல்வதுபோல் அவர் இந்த ஊர்க்காரர் அல்ல. 1885-ல் கேரளத்தில், குருவாயூருக்கு அருகே உள்ள ஏங்கண்டியூரில் பிறந்தவர். திருமலையில் கோகர்ப்பம் என்ற இடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் தவம் இருந்துவிட்டு ஏர்பேட்டுக்கு வந்தார். தாய்மொழி மலையாளம், ஆனால் தெலுங்கில் நூல்கள் எழுதினார். சாதி பாராமல், ஆண் பெண் பேதம் பாராமல் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தார். 1962-ல் மறைந்தார்.

வேற்று மாநிலத்தில் இருந்து வந்தவர், வேற்று மொழியைக் கற்று அந்த மொழியிலேயே எழுதும் அளவுக்குத் தேறினார். நம் குமாஸ்தாவுக்கு அவ்வளவு பெரிய காரியம் வேண்டாம். நாலு தந்தி போதும்.

கணக்கர் செய்த வாத்தியம்

பேஸ் கிட்டார் என்பது என்ன? சாதாரண கிட்டாருக்கு ஆறு தந்தி. பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நாலுதான். மற்ற கிட்டாரின் மேல் நாலு தடித்த தந்திகள் எந்த சுரமோ, அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கழுத்து நீளம், தந்தி தடிமன். அடித் தந்தி இரண்டரை மில்லி மீட்டருக்கு மேல் இருக்கும்.

இதற்கு முன்பு அடிக்குரல் கொடுக்க, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பேஸ் என்ற வாத்தியம் இருந்தது. பிடில் குடும்பத்துப் பெரியண்ணன். காரின் உள்ளே நுழையாது. அதில் சுரத்தைக் காட்டக் குறுக்குக் கம்பிகளும் கிடையாது. காதை நம்பித்தான் விரல் வைக்க வேண்டும்.

1951-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், புல்லர்டன் என்ற ஊரில் லியோ பெண்டர் என்பவர் மின்சார பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1930-களிலேயே சியாட்டில் நகரில் பால் டட்மார்க் ஒன்று செய்திருந்தார்; அது பரவவில்லை. பெண்டர் செய்தது உலகம் எங்கும் பரவியது. வீணையின் மெட்டுகளைப் போல இதில் 'பிரெட்' என்னும் குறுக்குக் கம்பிகள் உண்டு. விரலை அதன் ஓரத்தில் வைத்தால் சுரம் பிசகாது. அதனாலேயே அதற்குப் 'பிரசிஷன்' பேஸ், அதாவது துல்லியமான பேஸ் என்று பெயர் வைத்தார்.

இந்தப் பெண்டர் யார் தெரியுமா? கணக்குப் படித்தவர்! கணக்கராக உத்தியோகம் பார்த்தவர். வேலை போனதும் 1938-ல் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். இன்னொரு வேடிக்கை: அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது.

லாட்ஜ் அறைப் பாடம்

வேலை பார்த்துக் கொண்டே படிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இளையராஜாவின் கதையே பதில். பண்ணைப்புரத்தில் இருந்து அவர் சென்னைக்கு வந்தது 1968-ல். அப்போது வயது இருபத்தைந்து. மயிலாப்பூர் சாய் லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். பிழைப்புக்கு மற்ற இசை அமைப்பாளர்களின் குழுவில் கிட்டார் வாசித்தார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். லண்டன் டிரினிடி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். நடுவே எட்டு ஆண்டுகள்!

அவரது பாட்டுகளில் பேஸ் கிட்டாருக்கு எழுதப்பட்ட சுரங்களைத் தனியாகவே கேட்டு ரசிக்கிறவர்கள் உண்டு. அவர் குழுவில் நீண்ட காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரகுமானின் பாட்டுகளில் வாசித்துப் பெயர் பெற்றவர் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ். 'மூடுபனி' படத்தில் (1980) ஜேசுதாஸ் கிட்டாருடன் பாடும் பாட்டை இன்று இரவு மறுபடியும் கேளுங்கள். பாட்டை விட்டுவிட்டு, அடியில் நடந்து போகும் குரலை மட்டும் பின்தொடருங்கள். முதல் தடவை பிடிபடாது. மூன்றாம் தடவை பிடிபடும். பிடிபட்ட பிறகு விடாது.

பேஸ் வாசிப்பவர்களின் பெயர் ரசிகர்களுக்குத் தெரிவது அபூர்வம். அமெரிக்காவில் மோடவுன் கம்பெனியின் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் பெயர் அந்தக் கம்பெனியின் இசைத்தட்டு உறையில் முதன்முதலாக அச்சானது 1971-ல்தான். குமாஸ்தாக்களுக்கு இது புரியும்.

தபால்காரர்கள் சொன்ன சாட்சி

பலர் செய்யும் தவறு இதுதான். கிட்டாரை வாங்குகிறார்கள். திங்கள் முதல் சனி வரை தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று மணி நேரம் விளாசுகிறார்கள். விரல் நுனி கொப்பளிக்கிறது. அடுத்த ஞாயிறு வரை கை எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. நாலாவது வாரம் கிட்டார் கட்டிலுக்கு அடியில் போகிறது.

ஏன் இப்படி? பிரிட்டனில் தபால்காரர்களை வைத்து நடந்த ஒரு சோதனை பதில் சொல்கிறது. கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரத்துக்காக அவர்கள் டைப் அடிக்கக் கற்க வேண்டி இருந்தது. ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அவர்களைப் பல குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம்.

முடிவு 1978-ல் வெளியானது. நாளுக்கு நாலு மணி நேரம் பயின்றவர்களுக்கு எண்பது மணி நேரம் பிடித்த தேர்ச்சி, நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்களுக்கு ஐம்பத்தைந்து மணி நேரத்தில் வந்துவிட்டது!

ஆனால் சோதனையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதுதான் முக்கியம். தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த திருப்தி கொண்டவர்கள் அந்த ஒரு மணி நேரக் குழுவினரே! மற்றவர்கள் நாள் கணக்கில் முன்னால் போவதைப் பார்த்து, தாங்கள் பின்தங்குவதாக நினைத்தார்கள். நன்றாகக் கற்றவனுக்கே, கற்கிறோம் என்ற நம்பிக்கை வரவில்லை.

கிட்டார் கட்டிலுக்கு அடியில் போவதும் இந்த இடத்தில்தான். மூன்றாவது வாரம், "இவ்வளவு நாள் தட்டியும் ஒன்றும் வரவில்லையே" என்ற சலிப்பு கட்டாயம் வரும். வந்தால், வழி தவறிவிட்டோம் என்று பொருள் அல்ல.

என்ன வாசிப்பது?

முதலில் சுருதி சேர்க்க வேண்டும். செல்போனிலேயே இதற்கு வசதி இருக்கிறது. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உட்காரலாம். 'டிக் டிக்' என்று நிமிடத்துக்கு அறுபது தட்டு. அதைவிட மலிவான தாளக் கருவி இல்லை.

முதல் ஐந்து நிமிடம் இடது கைக்கு வேலை இல்லை. வலது கை ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டும் மாறி மாறி ஒரே தந்தியை மீட்ட வேண்டும். தட்டுக்கு ஒரு மீட்டு. கேட்க ஒன்றுமே இல்லாத பயிற்சி. ஆனால் அறுபது மீட்டும் ஒரே கனத்தில் விழுவது எத்தனை கஷ்டம் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். (ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அவரைப் பார்த்து நாமும் அப்படியே தொடங்குவது நல்லதல்ல.)

அடுத்து இடது கை. இங்கே ஒரு நுணுக்கம். முதல் பிரெட்டின் அகலம் ஏறக்குறைய 48 மில்லி மீட்டர். ஐந்தாவது பிரெட்டில் அது 38 ஆகச் சுருங்குகிறது. எனவே புதியவர்கள் ஐந்தாவது பிரெட்டில் இருந்து தொடங்கினால் விரல் வலிக்காது. கீழே வரும்போது, பிரெட்டுக்கு ஒரு விரல் என்று கையை விரித்துக் கிழித்துக் கொள்ளக் கூடாது. ஆள்காட்டி, நடு விரல், சுண்டு விரல் மூன்றையும் முக்கியமாகக் கொண்டு, மோதிர விரலைச் சுண்டு விரலுக்குத் துணையாக வைப்பது பழைய டபுள் பேஸ் வித்வான்களின் முறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்ஸ் சிமண்டல் பாடப் புத்தகமாகவே எழுதி வைத்த முறை அது. விரல் நுனி எரிச்சல் சில வாரத்தில் காய்ப்பு ஏறிப் போய்விடும். மணிக்கட்டில் வலி வந்தால் அது வேறு. உடனே நிறுத்த வேண்டும்.

இனி முக்கியமான பாடம். ஒரு தந்தியில் ஏதாவது ஒரு பிரெட்டை 'ச' என்று வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த மெல்லிய தந்தியில் இரண்டு பிரெட் தள்ளி வைத்தால் அது 'ப'. அதற்கும் அடுத்த தந்தியில் அதே பிரெட் வரிசையில் வைத்தால் மேல் 'ச'. ச, ப, ச! கழுத்தில் எங்கே போனாலும் இந்த அமைப்பு மாறாது. தந்திகள் எல்லாம் ஒரே இடைவெளியில் சுருதி சேர்ந்திருப்பதால் வந்த சௌகரியம் இது. இந்த மூன்று சுரத்தை மட்டும் வைத்துக் கொண்டு எத்தனையோ சினிமாப் பாட்டுகளுக்குத் துணை வாசித்துவிடலாம்.

பிறகு சரளி வரிசை. பாட்டு வாத்தியாரிடம் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்: முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். நம் ஊர் வழக்கம் மாயாமாளவகௌளை. பேஸ் கிட்டாரில் சங்கராபரணத்தில் தொடங்குவது எளிது. மேற்கத்தியப் பாடமும் அங்கேதான் தொடங்குகிறது. மூன்று நாள் தொடர்ந்து பிசகாமல் வந்தால் மட்டுமே காலத்தைக் கூட்ட வேண்டும். ஒரு நாள் ஓவர்டைம் வந்து பயிற்சி தவறினால், மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம். வழக்கமான இருபது நிமிடம் போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் விட்டுப் போனாலும் அப்படியே.

பக்கத்து வீட்டார்

அறையில் இன்னும் இரண்டு பேர் தூங்குகிறார்களே என்ற கவலை வேண்டாம். மின்சாரத்தில் இணைக்காத பேஸ் கிட்டாரின் சத்தம் பக்கத்துக் கட்டிலைக்கூட எழுப்பாது. காதில் மாட்டும் கருவியோடு சிறிய பெருக்கி ஒன்றை வாங்கினால் தனக்கு மட்டும் முழு ஒலியும் கேட்கும். வாசித்து முடித்ததும் தந்தியைத் துணியால் துடைப்பது அவசியம். ஏர்பேட்டு வெயிலில் வியர்வை பட்டால் துருப்பிடிக்கும்.

வாத்தியத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ரேணிகுண்டாவில் ரெயில் ஏறினால் சென்னை. அங்கே அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கிய 'மியூசி மியூசிக்கல்' கடை இன்னும் இருக்கிறது. வாங்காவிட்டாலும் கையில் எடுத்துப் பார்க்கலாம். கனம் நாலு கிலோ வரை வரும். தோளில் மாட்டி, கால் மணி நேரம் நின்று பார்த்து வாங்குவது உத்தமம். பழைய வாத்தியமும் தப்பில்லை. கழுத்து வளைந்திருக்கிறதா என்று மட்டும் தெரிந்தவரை விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் கழித்து? மெல்லிசைக் குழுக்களிலும் மாதா கோவில் பாடகர் குழுவிலும் கிட்டார்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். பேஸ் வாசிக்க ஆள் தேடுவார்கள். பீட்டில்ஸ் குழுவிலேயே 1961-ல் பேஸ் வாசித்தவர் விலகிய பிறகு, வேறு யாருக்கும் அதில் ஆசை இல்லாததால்தான் பால் மெக்கார்ட்னி கையில் எடுத்தார். தெலுங்கு சரளமாக வராத தமிழருக்கும் இதில் தடை இல்லை. எந்த சுருதி என்று ஒரு விரல் காட்டினால் போதும். 'ச' இரண்டு மொழியிலும் 'ச'தான்.

முதல் நாள் குழுவோடு உட்காரும்போது தெரிந்ததை எல்லாம் வாசித்துக் காட்ட ஆசை வரும். வேண்டாம். ச, ப, ச மட்டும். டிரம்ஸ்காரரின் வலது காலைப் பார்த்துக் கொண்டே. அவர் திரும்பிப் பார்க்காத வரை எல்லாம் சரியாகப் போகிறது. போகும்போது சொந்த ஒயர் ஒன்றைப் பையில் போட்டுக் கொள்வது நல்லது. குழுவில் இருக்கும் ஒயர் எப்போதும் அறுந்தே இருக்கும்.