புல்டோசர்: சவுக்கில் பிறந்த சொல்

பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் போகும் கிளைப்பாதையில் ‘பெமல் நகர்’ என்றொரு ரயில் நிலையம் வரும். கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்ட பிறகும் இந்த வட்டாரத்துக்கு மிஞ்சிய பெரிய தொழிற்சாலை இதனருகில்தான். 1964ல் தொடங்கப்பட்ட இந்தப் பொதுத்துறை நிறுவனம் தங்கவயலில் தயாரிக்கும் இயந்திரங்களில் முக்கியமானது புல்டோசர். சுரங்கத்திலும் அணைக்கட்டிலும் மண் தள்ளும் இயந்திரம். ஆனால் அந்தப் பெயருக்கும் மண்ணுக்கும் ஆரம்பத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது மிரட்டலைக் குறிக்கப் பிறந்த சொல்.

1876. அமெரிக்க அதிபர் தேர்தல். கறுப்பின ஆண்களின் வாக்குரிமை அரசியல் சட்டத்தில் ஏறி ஆறே ஆண்டுகள். லூசியானா மாநிலத்தில் அவர்கள் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்காமல் தடுக்க, வெள்ளையர் கும்பல்கள் வீடு தேடிப் போய்ச் சவுக்கால் அடித்தன, கொலையும் செய்தன. இதற்கு வழங்கிய பெயர் ‘புல்டோஸ்’. ‘புல்’ என்றால் காளை. ‘டோஸ்’ என்றால் மருந்தின் அளவு. காளைக்குக் கொடுக்கும் அளவு அடி என்பது பரவலான விளக்கம். அடித்தவன் ‘புல்டோசர்’. ஆக, முதல் புல்டோசர் மனிதன்தான்.

பிறகு இரும்பை வளைக்கும் இயந்திரத்துக்கும், 1930 வாக்கில், முன்னால் தகடு பொருத்திய டிராக்டருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பட்டதைத் தள்ளிக்கொண்டு போகும் குணம்தான் பொருத்தம். ‘விவாதமின்றி மசோதாவை புல்டோஸ் செய்துவிட்டார்கள்’ என்று எதிர்க்கட்சியினர் குமுறும்போது இன்று மனக்கண்ணில் தெரிவது இயந்திரம்; சவுக்கு மறந்துபோயிற்று.

தமிழில் இதற்கு ஈடான வழக்கு உண்டு: ‘உருட்டி மிரட்டுவது’. வெறும் மிரட்டலுடன் உருட்டலும் சேரும்போது எடை கூடுகிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351வது பிரிவு, ஒருவரது உடலுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ தீங்கு செய்வதாக மிரட்டுவதைக் குற்றம் என்கிறது.

வீடும் சொத்துதான். வட மாநிலங்கள் சிலவற்றில், வழக்கில் சிக்கியவர்களின் வீடுகள் விசாரணை முடியுமுன்பே தரைமட்டமாயின. ‘புல்டோசர் நீதி’ என்று அதற்குப் பெயரும் வந்தது. 2024 நவம்பர் 13ல் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வு குறுக்கிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காகவே ஒருவரது வீட்டை இடிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம்; இடிக்குமுன் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களின் ஆக்கிரமிப்புகளுக்கு விலக்கு உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. வீடு இடிக்க வருவது பெரும்பாலும் புல்டோசரே அல்ல, ஊரெங்கும் ‘ஜே.சி.பி.’ என்று அழைக்கப்படும் தோண்டும் இயந்திரம். இருந்தும் பெயர் புல்டோசருக்கே போகிறது. காரணம், அங்கே அந்தச் சொல் இயந்திரத்தைக் குறிக்கவில்லை, பயத்தைக் குறிக்கிறது. சுமார் 150 ஆண்டுகள் சுற்றிவிட்டு, சொல் தன் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டது.

தங்கவயல் தொழிலாளி இயந்திரத்தைப் பூட்டி அனுப்புவது மண் தள்ளத்தான். எந்த வீட்டு வாசலில் எது போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது, 1876ல் போலவே, மனிதர்கள்தான்.