டாச்சிங் போனாலும் பெயர் போகவில்லை

ஜார்ஜ்டவுன் சௌராஸ்தா சந்தைக் கடைகளில் இன்று மின்னணு எடைக்கருவிகள்தாம். தாத்தா பாட்டியைக் கேளுங்கள், 'டாச்சிங்' பற்றிச் சொல்வார்கள். ஒரு கோல், ஒரு பக்கம் கொக்கி அல்லது தட்டு, மறுபக்கம் கோலில் நகரும் ஒரே குண்டு. படிக்கற்களைச் சுமக்க வேண்டாம் என்பதால் தெருத்தெருவாக விற்பவர்களுக்கு ஏற்றது. எடையும் வேறு: 16 தாயில் ஒரு கட்டி, அதாவது ஏறக்குறைய 605 கிராம்.

டாச்சிங், சீனத்திலிருந்து மலாய்க்கு வந்த சொல். இதே வகைக் கோலுக்குத் தமிழில் 'வெள்ளிக்கோல்' என்ற பெயர் உண்டு. அது இன்று எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? நாம் தூய தமிழாக எண்ணும் 'தராசு'கூடப் பாரசீகச் சொல்தான்.

இரவல் சொல் என்றால் முகம் சுளிப்பவர்கள் கிரேக்கரைப் பார்க்கலாம். தராசுக்கு அவர்கள் வைத்திருந்த 'துருதானே'யை லத்தீன் 'துருதினா' என்று வாங்கிக்கொண்டது. பின்னாளில், நகரும் குண்டு கொண்ட ரோமானியக் கோலின் 'கம்பானா' என்ற லத்தீன் பெயரைக் கிரேக்கர் 'கம்பனோஸ்' ஆக்கிக்கொண்டனர். சொந்தச் சொல் இல்லாமல் அல்ல. இது வேறு கருவி. இத்தாலியின் கம்பானியா வட்டாரமே அப்பெயருக்குக் காரணம் என்று செவில் நகர ஆயர் இசிதோர் 7ஆம் நூற்றாண்டில் எழுதினார்.

சொற்கள் கருவி மாறியும் பிழைக்கும். தேசிய முன்னணியின் சின்னத்தில் இருப்பது இருதட்டுத் தராசு. அதையும் 'டாச்சிங்' என்றுதானே சொல்கிறோம்!