கல்லாப்பெட்டி ஓரத்தில் ஒரு சுனாமி ஆட்டம்

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது மளிகைக்காரனுக்குத் தலை சொறிய நேரமிருக்காது. அன்று 2005 ஜனவரி 10, திங்கட்கிழமை. வெல்லமும் பச்சரிசியும் எடை போடவே ஆள் போதவில்லை. அப்படியும் குண்டடத்தில் எங்கள் கடை முன்னால் இருபது பேர் நின்றார்கள். சரக்கு வாங்க அல்ல, உள்ளே இருந்த டி.வி.யைப் பார்க்க!

மெல்போர்ன் மைதானத்தில் சுனாமி நிதிக்காக ஒருநாள் ஆட்டம். அங்கே பகலிரவு ஆட்டம் என்றாலும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுவதால் நமக்கு அது காலை வியாபார நேரம். ஆசிய அணிக்குக் கங்குலி தலைவர், உலக அணிக்கு ரிக்கி பாண்டிங். பேரலை அடித்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைப் பறிகொடுத்திருந்தோம். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம்.

"ஏனுங்கண்ணா, எழவு விழுந்த நேரத்துல ஆட்டமும் விளம்பரமும் நல்லாவா இருக்குது?" என்றார் வெல்ல வியாபாரி ஒருவர். பனியன் கம்பெனிக்குப் போகும் தம்பி ஒருவன் திரும்பினான். "ஆட்டம் போடலீன்னா அத்தனை பேரு டிக்கெட்டுக்குக் காசு குடுப்பாங்களாங்க?"

அவன் கேட்டது சரிதான். அன்று மைதானத்துக்கு வந்தவர்கள் 70,101 பேர். அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஆஸ்திரேலியாவில் போட்டி போடும் மூன்று தொலைக்காட்சிகள் ஒன்றுசேர்ந்து ஒரே நிகழ்ச்சியை ஒளிபரப்பி நிதி திரட்டியிருந்தன. ஒரே வீதியில் மூன்று மளிகைக் கடைக்காரர்கள் ஒரே தராசில் நிறுப்பது போல! நம்மிடையே நடக்கிற காரியமா?

ஆட்டத்தைச் சொல்லவேண்டுமே. பாண்டிங் 115 அடித்தார். உலக அணி 344. பாதிக் கூட்டம் அப்போதே கலைந்துவிட்டது. திராவிட் மட்டும் 75 ரன்னோடு கடைசிவரை நின்றார். ஆசிய அணி 232-க்குச் சுருண்டு 112 ரன்னில் தோற்றது. தர்ம ஆட்டத்தைச் சர்வதேச ஒருநாள் ஆட்டக் கணக்கில் சேர்த்தது தப்பு என்று எங்கள் கடைவாசலிலும் ஒரு கட்சி இருந்தது. என் கணக்கில் அது சரியே. கணக்கில் ஏறும் என்றால்தான் ஆடுகிறவன் முழுசாக ஆடுவான்.

முரளிதரன் பந்தெடுத்தபோது எல்லோரும் அமைதியானார்கள். அலை வந்த அன்று காலி பக்கம் சீனிகமவுக்குப் புறப்பட்டவர், சற்றுத் தாமதமானதால் தப்பியவர். உணவு லாரிகளைப் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குக் கொண்டு சேர்ப்பதிலும் அவரே முன்னின்றார்.

அந்த ஆட்டத்தில் திரண்ட தொகை சுமார் 1 கோடியே 46 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். தொகை இவ்வளவு, போய்ச் சேர்ந்தது வேர்ல்டு விஷன் நிறுவனத்துக்கு என்று ஊரறியச் சொன்னார்கள். எனக்கு உறுத்தியது இதுதான். எங்கள் கல்லா ஓரத்திலும் ஒரு தகர டப்பா இருந்தது. வாரம் ஒருமுறை கால் படி பருப்பு வாங்கும் ஒரு ஆத்தா அதில் பத்து ரூபாய் போட்டிருந்தார். பொங்கல் கழித்து வந்து, "அந்தக் காசு எங்க சாமி போச்சு?" என்றார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். என்னால் சொல்ல முடியவில்லை. நிதி திரட்ட வந்த ஒரு குழுவிடம் ரசீது வாங்காமல் டப்பாவோடு கொடுத்திருந்தேன். உடைந்த அரிசிக்குக்கூடச் சிட்டை எழுதுகிறவன் நான்!

துணியிலும் அதே கதைதான். ஊர் ஊராக அனுப்பிய பழந்துணி கடலோரச் சாலைகளில் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தது. என்ன வேண்டும் என்று கேட்காமல் சரக்கு அனுப்பினால் அப்படித்தான் ஆகும்.

இப்போது இன்னொன்றும் உண்டு. 2017 முதல் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோதான் தரவேண்டும். வெள்ளம், புயல் என்று சங்கம் டப்பா வைக்கும்போது வரவையும் ரசீதையும் கடைவாசலிலேயே ஒட்டலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேச, செயலாளரிடம் நேரம் கேட்டிருக்கிறேன்.