முதலில் காது, பிறகு நாவு



மாற்கு நற்செய்தி ஏழாம் பிரிவின் இறுதியில் ஒரு மனிதரைச் சந்திக்கிறோம். பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டில் நமக்கு வாசிக்கப்படும் பகுதி அது. அவருக்குக் காது கேட்காது, பேச்சும் திக்கும். அவரை அறிந்தவர்கள் அவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு கூட்டத்தை விட்டு அவரைத் தனியே அழைத்துச் செல்கிறார். முதலில் காதுகளில் விரலை இடுகிறார். அதன் பிறகே நாவைத் தொடுகிறார். செவி திறந்த பிறகு நாவின் கட்டு அவிழ்கிறது.

திருமுழுக்கின்போது குருவானவர் குழந்தையின் காதுகளையும் வாயையும் தொட்டுச் செபிக்கும் சடங்கு இந்த நிகழ்ச்சியிலிருந்து வந்ததுதான். வீடியோ எடுப்பவர் தண்ணீர் ஊற்றுவதை எடுத்து முடித்துவிட்டு நகர்ந்திருப்பார். ஆகவே பல வீட்டு ஆல்பங்களில் இது இருக்காது.

இந்த வரிசையை இன்று நாம் மனத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. "ஃபாதர், பிள்ளைக்கு இரண்டரை வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை, செபம் பண்ணுங்கள்" என்று கேட்டு வருகிற பெற்றோரை நம் பங்குகளில் அடிக்கடி காண்கிறோம். முடிச்சூரானாலும் சேலையூரானாலும் பெருங்களத்தூரானாலும் வீட்டில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். பேச்சு வரவில்லை என்றதும் எல்லாரும் நாவைப் பார்க்கிறார்கள். நாக்குத் தடிப்பாக இருக்கிறது என்கிறார் ஒருவர். நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட வேண்டும் என்கிறார் இன்னொருவர். வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவு என்கிறார் பாட்டி. காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நாவின் அடிச்சவ்வு குட்டையாக இருந்தால் சில குழந்தைகளுக்குப் பால் சப்புவது கடினமாகும். ஒருசில எழுத்துகளின் உச்சரிப்பும் சற்று மாறலாம். ஆனால் அதனால் ஒரு பிள்ளை பேசாமலேயே இருந்துவிடாது. வசம்புக்குப் "பிள்ளை வளர்ப்பான்" என்று அழகான பெயர் வைத்திருக்கிறோம். பாட்டிமாரின் அன்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனாலும் அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளின் நச்சுத்தன்மையைக் கருதி, அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்க்கவே தடை இருக்கிறது. அது நாவைத் திருத்தாது. பேசக் கற்றுக்கொடுப்பது காது. அங்கிருந்து செய்தி போய்ச் சேரும் இடம் மூளை.

உலக அளவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்குப் பிறவியிலேயே குறிப்பிடத்தக்க செவிக்குறைபாடு இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, கடுமையான மஞ்சள்காமாலை வந்த குழந்தை, மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தை ஆகியோருக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கும் அப்படியே. நெருங்கிய உறவுக்குள் திருமணம் செய்வது நாட்டிலேயே அதிகமாக உள்ள மாநிலங்களில் ஒன்று தமிழகம். திருச்சபைச் சட்டம் (எண் 1091) அத்தை மகன், மாமன் மகள் திருமணத்துக்கும் சிறப்பு அனுமதி கேட்கச் சொல்வதை, ஏதோ அலுவலகத் தாள் வேலை என்று நினைப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம். ஏற்கெனவே மணமுடித்தவர்கள் கலங்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்ததும் காதைப் பரிசோதித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

"காது நன்றாகத்தான் இருக்கிறது, தட்டைத் தட்டினோம், திரும்பிப் பார்த்தான்" என்று சொல்லாத வீடு இல்லை. இந்தத் தட்டுச் சோதனையை நம்பித்தான் பல குழந்தைகளின் முதல் இரண்டு ஆண்டுகள் போய்விடுகின்றன. தட்டு விழும்போது தரை அதிரும். அந்த அதிர்வைக் குழந்தை உணரும். அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்தே திரும்புகிற கெட்டிக்காரக் குழந்தைகளும் உண்டு. இதைவிட முக்கியம், செவிக்குறை என்பது முழுச் செவிடு மட்டுமல்ல. கனத்த ஓசைகள் கேட்கும்; 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகும். கதவு சாத்துவதும் ரயில் சத்தமும் கேட்கிற பிள்ளைக்கு, "பசிக்குதா?" என்று நாம் கேட்பது உயிரெழுத்துகள் மட்டும் மிதக்கிற ஒரு முனகலாக இருக்கலாம். அதைக் கேட்டு அவன் எப்படிப் பேசக் கற்பான்? அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கட்டி, கேட்கும் திறன் சில வாரங்கள், சில மாதங்கள் மங்குவதும் உண்டு. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் காதில் ஊற்றுவது சிகிச்சை அல்ல.

சரியான பரிசோதனை ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஓ.ஏ.இ. என்ற முதல்கட்டச் சோதனை, தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. அதில் ஐயம் வந்தால் 'பெரா' என்ற சோதனை. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. தாமதமாகிவிட்டதே என்று நிற்க வேண்டாம், நாளைக்கே போகலாம்.

ஏன் இந்த அவசரம்? மூளையில் கேட்பதற்கான பகுதி முதல் மூன்று, மூன்றரை ஆண்டுகளில்தான் மிகவும் இளகியிருக்கிறது. ஒலியே வராவிட்டால் அந்த இடம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. வெளியே செய்தால் பல இலட்சம் ஆகும். அந்த ஆறு வயது வரம்பு யாரோ அதிகாரி மனம்போனபடி போட்டதல்ல. "ஐந்து வயதில் தானாகப் பேசுவான், அவன் அப்பாவும் அப்படித்தான்" என்று காத்திருந்து வருகிறவர்களுக்குக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும்.

கருவியைப் பொருத்தியதும் பேச்சு வந்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கையே. அதன்பின் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பயிற்சி தேவை. அடையாறு பகுதியில் 1969 முதல் நடந்துவரும் பால வித்யாலயா பள்ளி இதை நமக்குக் கண்முன்னே காட்டுகிறது. காது கேளாத கைக்குழந்தைகளையும் சிறு குழந்தைகளையும் அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள். ஆசிரியர் பேசப் பழக்கும்போது பெற்றவரும் உடன் அமர்ந்து கற்கிறார். வீட்டுக்குப் போய் குளிப்பாட்டும்போதும் காய் நறுக்கும்போதும் அதையே தொடர்கிறார். அப்படிப் பழகி, சாதாரணப் பள்ளிகளுக்குப் போன பிள்ளைகள் நிறைய. எல்லாப் பிள்ளைகளுக்கும் பேச்சு முழுமையாக வரும் என்று நாம் சொல்ல மாட்டோம். சைகை மொழியில் வளர்கிற பிள்ளையும் குறைவாக வளரும் பிள்ளை அல்ல. கதீட்ரல் சாலையில் லிட்டில் பிளவர் கான்வென்ட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

சரி, காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்தாயிற்று. அப்போதும் பேச்சு வரவில்லை என்றால்?

இங்கே முதலில் வருகிற ஆறுதல், "ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்." பெண் குழந்தைகள் சற்று முந்திக்கொள்வது உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு மாதம். இரண்டு வயது வரை காத்திருக்க அது காரணமாகாது. ஐன்ஸ்டைன் தாமதமாகப் பேசினார் என்ற செய்தியும் வாட்ஸ்அப்பில் தவறாமல் வரும். அதை அனுப்புகிறவர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறார். பரிசோதனைக்குப் போகவிருந்த தாய் அதைப் படித்துவிட்டு இன்னும் ஆறு மாதம் பொறுக்கிறார்.

மருத்துவர்கள் கவனிக்கச் சொல்கிற அடையாளங்கள் எளிமையானவை. ஒரு வயதில் பா-பா, மா-மா என்ற மழலை ஒலி இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை, டாட்டா காட்டுவதில்லை என்றால் ஒரு முறை காட்டுங்கள். பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை என்றால் காட்டுங்கள். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று தானாக இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் காட்டுங்கள். வந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதிலும் தாமதிக்க வேண்டாம்.

அடுத்தது வீட்டு மொழி. தாம்பரம் பல மொழிக்காரர்கள் வாழும் ஊர். ரயில்வே, விமானப்படைத் தளம், தொழிற்சாலைகள் என்று வந்து தங்கியவர்கள் ஏராளம். அப்பா மலையாளம், அம்மா தமிழ், பக்கத்து வீடு தெலுங்கு, வேலைக்கு வருகிற அக்கா இந்தி என்று ஒரே மாடியில் கேட்கலாம். இத்தனை மொழி கேட்டுப் பிள்ளை குழம்பிவிட்டது என்று முடிவுகட்டி, பள்ளிக்கூடத்துக்கு உதவும் என்று ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். இரு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை என்பது பல நாடுகளில் ஆய்ந்து பார்த்த செய்தி. தாமதம் ஏற்படுவது வேறு வழியில். தனக்குச் சரளமாக வராத மொழியில் பேசும் தாய் "கம்", "சிட்", "ஈட்", "நோ" என்று நாலு சொல்லோடு நின்றுவிடுகிறார். அதே தாய் தமிழில் பேசினால், ஒரு கத்திரிக்காயை வைத்துக்கொண்டே பத்து நிமிடம் பேசுவார். குழந்தைக்கு வேண்டியது அந்தப் பத்து நிமிடம். எல்.கே.ஜி. சேர்க்கைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

கைப்பேசியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் தாயும், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து இரவு வீடு சேரும் தந்தையும், மூட்டு வலியோடு பேரனை ஓடிப் பிடிக்க முடியாத பாட்டியும் சோறு ஊட்ட அதை எடுக்கிறார்கள்; நாம் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் "பாட்டெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறான், தண்ணீர் வேண்டும் என்றுதான் கேட்கத் தெரியவில்லை" என்ற வியப்புக்கு விளக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். 2003இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நேரில் ஒருவர் உட்கார்ந்து விளையாடிப் பேசிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சை, அதே அளவு நேரம் திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. குழந்தை "ஊ" என்றால் திரை பதிலுக்கு "ஊ" என்று சொல்லாது. இரண்டு வயதுக்கு முன் திரை வேண்டாம், அதன்பின் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. "போனை நிறுத்திப் பார்ப்போம், மூன்று மாதத்தில் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதும் காத்திருப்புதான். போனை நிறுத்துங்கள், அதே வாரம் மருத்துவரையும் பாருங்கள். ஆட்டிசம் இருந்தால் அதைக் கொண்டுவந்தது கைப்பேசி அல்ல, தடுப்பூசியும் அல்ல. தடுப்பூசியைக் குற்றம்சாட்டிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. தாயின் மேல் பழி போடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. தாய் பாசமில்லாமல் நடந்துகொள்வதால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மேல்நாட்டு அறிஞர்களே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுதினார்கள். பிறகு அது தவறு என்று தள்ளப்பட்டது. நம் வீடுகளில்தான், கிரகணத்தன்று வெளியே வந்தாயே, வேலைக்குப் போனாயே என்று அந்தப் பழி இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வார்த்தைக்குப் பயந்தே பிள்ளையை மருத்துவரிடம் காட்டாத தாய்மார்கள் உண்டு. மாமியார்களும் மாமனார்களும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த ஒன்றை மட்டும் நிறுத்துங்கள்.

எங்கே போவது? பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழந்தை மருத்துவரிடமோ தொடங்கலாம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறை மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும். எப்போது வருவார்கள் என்று பால்வாடி அக்காவிடம் கேட்டுவைக்கலாம். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. நம் பக்கத்தில் முட்டுக்காட்டில், 2005 முதல், பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இயங்குகிறது. சிறு குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையமும் அங்கு உண்டு. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போய்விடலாம். விவரம் கேட்க 104 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

போகும்போது பிறந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை சொல்கிற சொற்களையும், எந்த மாதத்தில் வந்தன என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளை விளையாடும்போது இரண்டு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனையில் புதிய முகங்களைப் பார்த்துக் குழந்தை வாயை மூடிக்கொள்ளும். அப்போது அந்த வீடியோதான் உதவும். முதல் நாளே எல்லாம் தெரிந்துவிடாது, இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள். முடிந்தவரை அப்பாவும் கூடப் போகட்டும்.