மலைக்கு அப்பால் பிழைப்பு

அயல் தேசம் போய்ப் பிழைப்பது என்றதும் நம் வீடுகளில் கப்பலைத்தான் நினைத்துக்கொள்வார்கள். கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று பழைய பெயர்கள் வரிசையாக வரும். கடலையே பாராமல், கால்நடையாய் மலையேறி அயல் ராஜ்யம் புகுந்தவர்களை நாம் அதிகமாக நினைப்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் நின்றால், அந்த ராஜ்யமாயிருந்த மலைகள் மேற்கே கண்ணுக்குத் தெரிகின்றன.

அது திருவாங்கூர் சமஸ்தானம். 1886-இல் அதனுடன் 999 வருஷத்துக் குத்தகை எழுதிக்கொண்டு, பென்னிகுயிக் துரை அணை கட்டினார். 1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே வந்து பள்ளத்தாக்கைச் செழிப்பித்தது. நீர் இறங்கிய மலைக்கு ஜனங்கள் கூலி தேடி ஏறினார்கள்.

ஏலத் தோட்டத்து வேலை லேசானதன்று. காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியிலே, தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. முற்றியதை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரே செடிக்குப் பருவத்தில் பல தடவை திரும்பி வரவேண்டும். மழையிலும் அட்டைக் கடியிலும் நாளெல்லாம் குனிந்து செய்யும் இவ்வேலை பெரும்பாலும் ஸ்திரீகளுடையது. முன்னாளில் அவர்கள் தோட்டத்து லயங்களிலேயே தங்கினர். இந்நாளில் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ சென்று, மாலையில் வீடு திரும்புகிறார்கள்.

1956-இல் மொழிவாரி ராஜ்யங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டுக்கே வேண்டும் என்று திருவாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸார் போராடினர். அங்குள்ள தமிழர் தோட்ட வேலைக்காக வந்து போகிறவர்கள்தாமே என்று எதிர்வாதம் கிளம்பியது. அவ்விரு தாலுகாக்களும் கேரளத்தோடு நின்றன. காடு திருத்தி, தோட்டம் வளர்த்து, பிள்ளை பெற்று, அங்கேயே மண்ணாகிப் போனவனையும் வழிப்போக்கன் என்பது எந்த நியாயமோ, நமக்கு விளங்கவில்லை!

இலங்கையிலும் இதே பேச்சுத்தான். அங்கே அதன் பலன் இன்னும் கொடிது. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் பிரஜாவுரிமை அற்றவராயினர். 1964-இல் சாஸ்திரியாரும் சிரிமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஏலமலைக்குப் போனவர்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. மலையின் இரு பக்கமும் ஒரே பாரத தேசமாகிவிட்டது அல்லவா?

ஆயினும் 2011 டிசம்பரில், முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றியபோது, எல்லைச் சாலைகள் அடைபட்டன. தமிழ்த் தொழிலாளர் பலர் குழந்தைகளோடு அஞ்சி மலையிறங்கி வந்தனர். பருவத்துக் கூலியும் போயிற்று. கலகம் அடங்கிய பின் ஜீப்புகள் மறுபடி மலையேறின. அவர்கள் பறிக்கும் காய், எல்லைக்கு அப்பால் புற்றடியிலும் இப்பால் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகிறது.