பாரிசவாதமும் பத்தியமும்

இல்லத்தில் ஒருவர் பாரிசவாதத்தாற் சாய்ந்துவிட்டால், அருகிலிருப்போர் முதலிற் செய்ய முனைவது அவர் வாயிற் கோப்பியோ சோடாவோ ஊற்றுவதேயாம். அன்பினாற் செய்யப்படும் இச்செயல் சில வேளைகளில் உயிருக்கே இடராய் முடிகின்றது.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ தோன்றுவது பாரிசவாதம். அதனாற் கைகால்களின் இயக்கம் குன்றுவது போலவே, விழுங்கும் ஆற்றலும் குன்றலாம். அப்போது உணவு மூச்சுக்குழாயினுட் புகும். நுரையீரல் அழற்சி பின்தொடரும். சிலரிடத்து இருமல்தானும் எழாமையால், நேர்ந்த தீங்கு புலப்படுவதில்லை. ஆகவே, நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அங்கே விழுங்குந்திறன் சோதிக்கப்படும்வரை ஒரு வாய் நீரும் கொடுத்தலாகாது.

விழுங்கல் தளர்ந்தோர் பலர்க்கு நீரினும் கூழ் ஏற்றது. நீர் விரைந்தோடி வழிதவறும். கூழோ மெல்ல நகர்ந்து தொண்டைக்கு அவகாசம் தரும். எவ்வளவு தடிப்பு வேண்டுமென்பதை மருத்துவத் துறையினரே வகுத்துரைப்பர். நோயாளியை நிமிர்த்தி இருத்திச் சிறு கரண்டியால் ஊட்டுதலும், உண்டபின் அரைமணி நேரமாவது படுக்கவிடாதிருத்தலும் நன்று.

இனிப் பத்தியம். மீன் ஆகாது, முட்டை ஆகாது என விலக்கி, வெறுங் கஞ்சியோடு பல வாரம் வைத்திருப்போர் உளர். அதனால் அசைவற்ற தசைகள் மேலும் மெலிகின்றன. பயிற்சியால் மீண்டும் எழுந்து நடக்கவேண்டியவர்க்குப் புரதம் இன்றியமையாதது. மீன், முட்டை, பயறு, பருப்பு ஆகியவற்றை நன்கு மசித்துக் கொடுக்கலாம். உண்மையிற் குறைக்கத்தக்கது உப்பே. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அஃது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயும் அவ்வெல்லையை எளிதிற் கடக்கச் செய்யும்.

சத்துப் பானங்கள் யாவர்க்கும் வேண்டுமா? விழுங்கவல்ல 4,023 நோயாளரைக்கொண்டு 15 நாடுகளில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2005 இல் வெளியாயிற்று. அவர்களுட் பெரும்பாலோர் முன்னரே ஓரளவு நல்லுடலினர். அத்தகையோர் அனைவர்க்கும் வழக்கமாகச் சத்துணவு சேர்த்துக் கொடுத்ததனாற் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. மெலிந்தோர்க்கு அது தேவைப்படலாம். அதனை மருத்துவர் தீர்மானித்தல் வேண்டும்.

இயற்கைப் பொருளாயின் தீங்கில்லை என்பதும் தவறான எண்ணமே. அஸ்பிரின் உண்போர் செறிவூட்டிய உள்ளிக் குளிகைகளையும் சேர்த்து உட்கொண்டால் குருதிக்கசிவு மிகலாம். வார்பரின் உண்போர் கீரையை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் சிறிதுமின்றியும் உண்டால் மருந்தின் செயல் தடுமாறும். அளவு சீராயிருத்தலே வேண்டுவது. எந்தச் சூரணத்தையும் தொடங்குமுன் மருத்துவரிடம் அறிவித்தலும், அவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தாதிருத்தலும் நோயாளியைப் பேணுவோர் மறவாது கைக்கொள்ள வேண்டியவை.